சாம்பல் குட்டை நாணல்காட்டில் பறவை பார்க்க: நியூபோர்ட் (வேல்ஸ்) போனவர்கள் சொல்லுங்கள்

சேலம் செல்வி | சனி, காலை 10:12

எல்லோருக்கும் வணக்கம். மகள் கார்டிஃபில் மேற்படிப்பு படிக்கிறாள். ஜனவரி கடைசியில் நானும் அவள் அப்பாவும் அங்கே போகிறோம். கோட்டை, கடைத்தெரு எல்லாம் அவள் காட்டிவிடுவாள். எங்களுக்கு ஒரு நாளாவது பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயாக வேண்டும். பக்கத்து ஊரான நியூபோர்ட்டில் பெரிய நாணல்காடு ஒன்று இருக்கிறதாம். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டிவைத்த இடத்தில் வளர்ந்தது என்கிறாள். சாம்பல் குட்டையில் என்ன பறவை வந்துவிடப் போகிறது என்று இவர் கேட்கிறார். நாங்கள் மூக்கனேரியையும் அக்கம்பக்கத்து ஏரிகளையும் சுற்றிப் பழகியவர்கள், நாணல்காட்டுப் பழக்கம் கிடையாது.

குளிர்காலத்தில் அங்கே போவது வீண்தானா? இவருக்கு முட்டிவலி, ஏறி இறங்க முடியாது. நடக்கத் தோதான பாதை உண்டா? எந்த நேரம் போனால் நல்லது?

கார்டிஃப் கதிர் | சனி, பிற்பகல் 2:35

தாராளமாகப் போங்கள் அக்கா. குளிர்காலம்தான் அதற்கு நல்ல காலம் என்றே சொல்வேன்.

பாதை முழுக்கச் சமதரை, சக்கர நாற்காலிகூடப் போகும். நுழைவுக் கட்டணம் கிடையாது. முகப்பிலேயே ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் மையம் இருக்கிறது, 2008-ல் திறந்தது. கழிப்பறை, உட்கார்ந்து பார்க்கக் கண்ணாடிச் சுவர் எல்லாம் உண்டு. முட்டிவலி அதிகமானால் அண்ணன் அங்கேயே உட்கார்ந்து நாமக்கோழியையும் வாத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடக்க முடிந்தால் நாணலுக்கு நடுவே சுற்றி, மிதவைப் பாலத்தைத் தாண்டி, கிழக்கு அஸ்க் கலங்கரை விளக்கம் வரை போய் வாருங்கள். 1893-ல் கட்டியது, குட்டையான வெள்ளை விளக்கம். அதற்கு அந்தப் பக்கம் செவர்ன் கழிமுகம். பெரிய ஓதத்தின்போது (கடல்நீர் ஏற்றவற்றம்) அங்கே தண்ணீர் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். நம் மெரினாவில் அது சுமார் ஒரு மீட்டர்தான்.

நேரம்: மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணி வாக்கில் உள்ளே போங்கள். ஐந்துக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். விழுவதற்கு முன் கடைசி அரை மணி நேரத்தில் ஸ்டார்லிங் (மைனா இனப் பறவை) கூட்டங்கள் வரும். கடற்கரைப் பக்கமிருந்து ஒன்று, வயல் பக்கமிருந்து ஒன்று என்று வந்து சேர்ந்து வானத்தில் சுருண்டு சுருண்டு பறந்து, அப்புறம் மொத்தமாக நாணலுக்குள் இறங்கும். அடியில் தண்ணீர் நிற்பதால் நரியோ பூனையோ உள்ளே வராது, அதனால்தான் அங்கே ராத்தங்கல். சேற்றுப் பூனைப்பருந்தும் இதற்குத்தான் காத்திருக்கும். ஒன்று மட்டும்: தினமும் இது நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். சில ஆண்டுகளில் கூட்டம் வேறு எங்காவது போய்விடும்.

ஆனால் ஸ்டார்லிங்குக்காக மட்டும் போகாதீர்கள். பியர்டட் டிட் பார்க்க வேண்டும். வேல்ஸில் அதைப் பார்க்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. சிட்டுக்குருவி அளவுதான், வால் மட்டும் நீளம். ஆணுக்குச் சாம்பல் நீலத் தலை, கண்ணிலிருந்து கீழே தொங்கும் கறுப்பு மீசை. முதலில் காதில்தான் விழும். 'பிங், பிங்' என்று உலோகச் சத்தம், ஒன்று கூப்பிட்டால் நாலைந்து பதில் தரும். சத்தம் வந்த இடத்தில் நாணல் பூங்கதிர் அசைகிறதா என்று பாருங்கள். இடது கால் ஒரு தண்டில், வலது கால் அடுத்த தண்டில், இரண்டையும் அகட்டி நின்றுகொண்டு கதிரைக் கொத்தும். அதன் எடைக்குத் தண்டுகள் விலக விலக, காலும் அகன்றுகொண்டே போகும்!

கோடையில் பூச்சி தின்னும் பறவை, குளிர்காலத்தில் நாணல் விதைக்கு மாறுகிறது. விதையை அரைக்க இரைப்பைச் சுவர் தடிக்கும். கூடவே பொடிக்கல்லும் வேண்டும். அதற்காக இலையுதிர் காலத்தில் நாணலை விட்டு வெளியே வந்து, நடைபாதையிலேயே இறங்கிக் கல் பொறுக்கும். நீங்கள் வரும்போது அந்தக் காலம் முடிந்திருக்கும். காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், காற்றடித்தால் தண்டின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும், கண்ணில் படவே படாது.

தேம்ஸ்கரை மேகலா | சனி, மாலை 6:20

செல்வி அக்கா, லண்டன் பக்கமும் வருவதென்றால் இதே மாதிரி இடங்கள் இங்கேயும் இருக்கு. ரெய்னம் மார்ஷஸ் முந்தி பட்டாளத்தின் சுடுபயிற்சித் திடல், 2000-இல் ஆர்.எஸ்.பி.பி. வாங்கினது. வடக்கே லீட்ஸ் பக்கம் செயின்ட் எய்டன்ஸ், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். 1988-இல் எயர் ஆற்றின் கரை உடைந்து சுரங்கம் முழுக்கத் தண்ணீர் நிறைந்து, ஆற்றையே வேறு பக்கம் திருப்பி, திரும்பவும் கரி தோண்டி, அதெல்லாம் முடிந்த பிறகுதான் பறவைகளுக்கு விட்டது. சாமர்செட்டில் ஹாம் வால், தோட்ட உரத்துக்குப் பீட் மண் வெட்டின பள்ளங்கள். கார்டிஃபில் இருந்து அதுவும் எட்டின தூரம்தான்.

சரியான குளிராயிருக்கும். கையுறை விரல் மூடினதாக வாங்குங்கோ. கழிமுகத்துக் காற்றில் நிற்கிறது வேறு கதை.

எண்ணூர்வாசி | சனி, இரவு 9:48

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்தச் 'சாம்பல் குட்டை' என்கிற விஷயம்தான் தொண்டையில் சிக்குகிறது.

நான் இருப்பது எண்ணூர். எங்கள் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல், குழாயில் கரைசலாகப் போகும். குழாய் எங்கெங்கே ஒழுகுகிறதோ அங்கெல்லாம் கொசஸ்தலை ஆற்றின் தரை சாம்பல் நிறமாகிவிடும். வலையைத் தூக்கினால் இறாலுக்குப் பதில் சாந்து. செப்பாக்கம் கிராமத்தில் குட்டைக்குப் பக்கத்திலேயே மனிதர்கள் குடியிருந்தார்கள், காற்றடித்தால் சோற்றில் சாம்பல். இதே சாமான் வேல்ஸில் மட்டும் எப்படிச் சரணாலயமாகிறது? அங்கே உள்ள பறவைக்கு வயிறு வேறா?

பழைய பொறியாளர் | ஞாயிறு, காலை 7:05

எண்ணூர்வாசி தம்பி, நியாயமான கேள்வி. நான் அனல்மின் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிலக்கரியை மாவாக அரைத்து எரிப்பார்கள். புகையோடு போகும் ஃப்ளை ஆஷைப் பிடித்து, தண்ணீரில் கலந்து குட்டைக்கு அனுப்புவார்கள். சாம்பல் அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். புதுச் சாம்பலில் காரம் அதிகம், உப்பும் போரானும் அதிகம், செடிக்கு வேண்டிய நைட்ரஜன் அநேகமாகக் கிடையாது. அதனால் முதலில் புல்கூட முளைக்காது. மழை ஆண்டுக்கணக்கில் கழுவிக் கழுவி உப்பையும் போரானையும் இறக்கும். அப்புறம்தான் செடி வரும். சத்துக் குறைவான மண் என்பதால் முரட்டுப் புல் மேலே ஏறி அமுக்காது, அதில் ஆர்க்கிட் செழிக்கும். பிரிட்டனில் பழைய சாம்பல் மேடுகள் பலவற்றில் ஆர்க்கிட் கூட்டமாகப் பூக்கிறது, இது தாவரவியல்காரர்களுக்குப் பழைய செய்தி.

இரண்டு வேறுபாடு முக்கியம். ஒன்று, அங்கே சாம்பல் வருவது நின்றுவிட்டது. உங்கள் பக்கம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மழை கழுவுவதற்கு முன்பே புதிதாக வந்து விழுந்தால் காலத்துக்கும் அது முதல் நாள் சாம்பல்தான். இரண்டு, அளவு. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 வரை சாம்பல். அவர்களுடையதில் பொதுவாக அதில் பாதி தேறும்.

அதற்காகச் சாம்பல் சாது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி என்று ஒன்று. 1970-களில் மின் நிலையத்துச் சாம்பல் குட்டைத் தண்ணீரை அதில் விட்டார்கள். சாம்பலில் இருந்த செலினியம் மீனின் உடம்பில் ஏறி, முட்டையில் ஏறி, 20 வகை மீனில் 19 வகை இல்லாமல் போனது. தண்ணீரைப் பார்த்தால் தெளிவாக இருக்கும். ஆகவே மேலே நாணல் ஆடுவதைப் பார்த்துக் கீழே எல்லாம் சரி என்று முடிவு கட்ட முடியாது. அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

கார்டிஃப் கதிர் | ஞாயிறு, காலை 11:30

பொறியாளர் சார் சொன்னதோடு இந்த இடம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பலகையில் சுருக்கமாகத்தான் போட்டிருப்பார்கள்.

கார்டிஃபில் டாஃப், ஈலி என்று இரண்டு ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் பெரிய சேற்றுவெளி இருந்தது. ஓதம் வற்றினால் சேறு, ஏறினால் தண்ணீர். டன்லின், ரெட்ஷாங்க் என்ற உள்ளான்கள், ஷெல்டக் வாத்து எல்லாம் குளிர்காலத்துக்கு வந்து மேயும் இடம். பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்தும் வைத்திருந்தார்கள். அதைத்தான் தடுப்பணை கட்டி நிரந்தர நன்னீர் ஏரியாக்கினார்கள். 1993-ல் சட்டம், 1999 நவம்பரில் அணை மூடல். சுமார் 200 ஹெக்டேர் ஏரி. இன்று அதன் கரையில்தான் வேல்ஸ் சட்டமன்றம், அரங்கம், உணவகங்கள் எல்லாம். செல்வி அக்காவின் மகள் முதலில் கூட்டிப்போகப் போவதே அங்கேதான்!

அந்தச் சேற்றுவெளியை அழித்ததற்கு ஈடாகத்தான் நியூபோர்ட் ஈரநிலம். அஸ்க்மவுத் மின் நிலையத்தின் பழைய சாம்பல் குட்டைகளையும் ஒட்டியிருந்த விளைநிலங்களையும் சேர்த்து 400 ஹெக்டேருக்கு மேல். 2000-ல் திறந்தார்கள். குட்டைகளில் நாணல், விளைநிலத்தில் ஈரப் புல்வெளி, கிழக்கே கோல்ட்கிளிஃப் பக்கம் உப்புநீர்க் குளங்கள். மின் நிலையம் பக்கத்தில்தான் இருந்தது. கரி எரிப்பது 2017-ல் நின்றுவிட்டது. உயர் அழுத்தக் கம்பிக் கோபுரங்கள் நாணலுக்கு மேலேயே போகின்றன. படத்தில் கோபுரம் வராமல் எடுக்கச் சிலர் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

எண்ணூர்வாசி | ஞாயிறு, பிற்பகல் 1:15

> கார்டிஃப் கதிர் எழுதியது: அந்தச் சேற்றுவெளியை அழித்ததற்கு ஈடாகத்தான் நியூபோர்ட் ஈரநிலம்.

ஆக, கதை இப்படிப் போகிறது. ஓர் ஊரில் சேற்றை மூடினார்கள். இன்னோர் ஊரில் சாம்பலை மூடி நாணல் வளர்த்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்கு நேர் என்று எழுதிவிட்டார்கள். சேற்றில் மேய்ந்த உள்ளான் நாணலுக்குள் போய் என்ன செய்யும்? நாணலுக்குள் அதற்கு ஒரு கவளமும் கிடையாது.

எனக்குப் பயம் இதுதான். நாளைக்கு எங்கள் கழிமுகத்திலும் மிச்சச் சேற்றை நிரப்பிக் கட்டடம் கட்டிவிட்டு, மூடிய சாம்பல் குட்டையில் சம்பும் கோரையும் வளர்த்து 'பறவைகள் பூங்கா' என்று பலகை நாட்டுவார்கள். நாமே போய் நீலத் தாழைக்கோழியைப் படமெடுத்துப் போட்டு லைக் வாங்குவோம்.

நாமக்கோழி | ஞாயிறு, மாலை 4:40

எண்ணூர்வாசி கேட்ட கேள்விக்கு ஆய்வே இருக்கிறது. பறவைகள் எங்கே போயின என்று அங்கே உண்மையிலேயே பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் ட்ரஸ்ட் ஃபார் ஆர்னித்தாலஜி என்ற பறவையியல் அமைப்பின் ஆய்வாளர்கள், அணை மூடுவதற்கு முன்பே ரெட்ஷாங்க்குகளைப் பிடித்துக் காலில் வண்ண வளையம் மாட்டி வைத்திருந்தார்கள். அணை மூடியதும் அவற்றில் பெரும்பாலானவை சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரிம்னி கழிமுகத்துக்குப் போய்விட்டன. நியூபோர்ட் நாணலுக்கு அல்ல. ரிம்னியில் ஏற்கெனவே வேறு ரெட்ஷாங்க்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. புதிதாகப் போனவை முதல் குளிர்காலத்தில் உடல் எடையைத் தக்கவைக்கத் திணறின. அத்தோடு நின்றிருந்தால் சரி, பழகிவிடும் என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை. முன்பு வளர்ந்த பறவைகளில் நூற்றுக்குச் சுமார் 85 அடுத்த ஆண்டு வரை பிழைத்தன. இடம் போனபின் அது 78 ஆனது. ஜர்னல் ஆஃப் அப்ளைட் எக்காலஜியில் 2006-ல் வந்த கட்டுரை.

85-க்கும் 78-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். சாவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 15 செத்த இடத்தில் 22 சாகின்றன. ஒன்றரை மடங்கு. 'பறவைக்குச் சிறகு இருக்கிறது, வேறு இடம் போய்க்கொள்ளும்' என்று சுற்றுச்சூழல் அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அந்த வரிக்கு இதுதான் பதில். போகும். போன இடத்தில் பந்தி ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

பழைய பொறியாளர் | ஞாயிறு, மாலை 5:55

ஆய்வை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேற்றுவெளியைப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் யோசியுங்கள். கரித் துறைமுகம் படுத்து, வேலை போன பகுதி அது. ஏரி வந்தது, கட்டடம் வந்தது, வேலையும் வந்தது. அந்த ஊர்க்காரனிடம் போய் 'உனக்கு ஏரி வேண்டுமா, டன்லின் வேண்டுமா' என்றால் என்ன சொல்வான்? மின்சாரத்துக்கும் இதே கேள்விதான். நாம் எல்லோரும் சுவிட்சைப் போடுகிறோம்.

இன்னொன்று. சாம்பல் குட்டையை வெறுமனே காயவிட்டால் தூசி பறக்கும். நீர் நிறுத்தி நாணல் வளர்த்தால் தூசி அடங்கும், பறவையும் வரும். ஈடா இல்லையா என்பது தனி வழக்கு. மூடிய குட்டைக்கு நாணல் நல்ல கதிதான்.

எண்ணூர்வாசி | ஞாயிறு, மாலை 6:30

குட்டையை மூடினால் நாணல் நடுங்கள் சார், நானே வந்து நடுகிறேன். அதை ஆற்றுக்கு ஈடு என்று எழுதாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். அப்புறம் அந்த 'சுவிட்ச்' வாதம். சுவிட்சைப் போடுவது எல்லோரும். சாம்பல் விழுவது காட்டுக்குப்பத்துக்காரன் வலையில் மட்டும்.

தேம்ஸ்கரை மேகலா | ஞாயிறு, இரவு 8:10

இரண்டு பேர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. நான் நாணல் பக்கத்தில் ஒரு விஷயம் கதைக்கிறன், ஏனென்றால் 'நட்டுவிட்டால் சரி' என்ற மாதிரி பேச்சுப் போகுது.

பிட்டர்ன் தெரியும்தானே? எங்கட ஊர்க் குருகு இனம்தான், ஆனால் பெரிசு. நாணல் நிறத்திலேயே கோடு கோடாக இருக்கும். ஆள் வந்தால் அலகை மேலே தூக்கி அப்படியே நிற்கும், கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் தெரியாது. வசந்த காலத்தில் ஆண் பறவை போடுகிற சத்தம் வெறும் போத்தல் வாயில் ஊதின மாதிரி, சில கிலோமீட்டர் வரை கேட்கும். பறவையை எண்ண முடியாது, சத்தத்தைத்தான் எண்ணுவார்கள். 1997-இல் முழு பிரிட்டனிலும் 11 ஆண்தான் ஊதினது. அவ்வளவு கீழே போனதற்கு நாணல் இல்லாதது மட்டும் காரணமில்லை, நாணல் இருந்த இடங்களிலயும் பறவை இல்லை. ரேடியோ கட்டி ஆராய்ந்து பார்த்தால், அது நடுக்காட்டில் மேயவே இல்லை. தண்ணீரும் நாணலும் சேருகிற விளிம்பில், நனைந்த நாணலுக்குள் நின்றுதான் மீன் பிடிக்குது. கவனியாமல் விட்ட நாணல்காட்டில் ஒவ்வொரு வருசமும் சருகு விழுந்து, அடி உயர்ந்து, தரை காய்ந்து, பிறகு வில்லோ மரம் முளைச்சிடும். வெளியில இருந்து பார்த்தால் பச்சைதான். உள்ளுக்குள்ள பிட்டர்னுக்கு ஒன்றுமில்லை.

அதுக்குப் பிறகுதான் மண்ணை வெட்டித் தரையைத் தாழ்த்தி, வாய்க்கால் எடுத்து, மதகு வைத்து நீர்மட்டத்தைப் பிடித்தார்கள். 2024-இல் 283 ஆண். நியூபோர்ட்டிலயும் 2020-இல் குஞ்சு பொரித்தது. 20 வருசக் காடு அப்ப.

எங்கட பக்கத்துச் சரணாலயத்தில் பனிக்காலத்தில் நாணல் வெட்டத் தொண்டர்களைக் கூப்பிடுவார்கள், நான் போறனான். முழுக்க வெட்டுறதில்லை, ஒரு துண்டு இந்த வருசம், இன்னொரு துண்டு அடுத்த வருசம். வெட்டினதை அங்கேயே போட்டால் திரும்பவும் சருகுதான், ஆகவே இழுத்துக்கொண்டு வந்து குவிக்க வேணும். முழங்கால் வரை சேறு, தண்டு நுனி முகத்தில் கீறும், சாயந்தரம் முதுகு நிமிராது. யாராவது 'நாணல்காடு அமைத்தோம்' என்று அறிக்கை விட்டால், அதை வெட்டப் போறது யார், மதகைத் திறக்கப் போறது யார், அந்தச் சம்பளம் எத்தனை வருசத்துக்கு எழுதியிருக்கு என்று கேளுங்கோ.

கிளிக் குமார் | ஞாயிறு, இரவு 9:02

இவ்வளவு பேசுகிறீர்கள், ஒரு சின்ன உதவி. பியர்டட் டிட்டும் செட்டிஸ் வார்ப்ளரும் வெளியே வராது என்கிறார்கள். போனில் அதன் சத்தத்தைப் போட்டால் வருமா? 400 மி.மீ. லென்ஸ் போதுமா?

கார்டிஃப் கதிர் | ஞாயிறு, இரவு 9:20

லென்ஸ் போதும். சத்தம் போடாதீர்கள். செட்டிஸ், பியர்டட் டிட், பிட்டர்ன் மூன்றுமே 1981 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கூட்டருகே தொந்தரவு செய்தால் குற்றம். குளிர்காலத்தில் கூடு இல்லையே என்று வாதாடலாம். ஆனால் பகல் எட்டு மணி நேரம்தான், அதற்குள் அது ராத்திரிக்குத் தேவையான விதையைத் தின்றாக வேண்டும். உங்கள் போனோடு சண்டை போட அதற்கு ஏது நேரம்? செட்டிஸ் தானாகவே கத்தும், பயப்படாதீர்கள். புதருக்குள்ளிருந்து திடீரென்று வெடிக்கும், கிட்டே போனால் நின்றுவிடும், பத்தடி தள்ளி மறுபடி வெடிக்கும். இத்தனை வருடம் இங்கே இருந்தும் என்னிடம் உருப்படியான படம் ஒன்று கிடையாது.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 9:31

சத்தம் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். எண்ணூர் சம்பந்தமான விவாதம் இங்கேயே இருக்கட்டும்.

சேலம் செல்வி | திங்கள், காலை 6:50

நான் பாதை சமதரையா என்று கேட்டேன், நீங்கள் எல்லோரும் எங்கெங்கோ கூட்டிப் போய்விட்டீர்கள். நன்றி. இவர் முழுவதும் படித்துவிட்டு, 'அப்படியானால் அந்த ரெட்ஷாங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்' என்கிறார். நாணல்காட்டில் அது இருக்காது என்று புரிகிறது. எங்கே பார்ப்பது?

கார்டிஃப் கதிர் | திங்கள், காலை 8:15

கோல்ட்கிளிஃப் குளங்கள் அக்கா. நாணல்காட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம். ஓதம் வற்றியிருக்கும்போது பறவைகள் கழிமுகச் சேற்றில் தொலைவில் சிதறிக் கிடக்கும், பைனாகுலருக்கு எட்டாது. ஓதம் ஏற ஏறச் சேறு மூழ்கும், அப்போது கரைக்கு உள்ளே இருக்கும் குளங்களுக்கு ஒதுங்கும். உச்ச ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றுவிடுங்கள். மகளிடம் ஓத அட்டவணையைப் போனில் பார்க்கச் சொல்லுங்கள். உச்ச ஓதம் மதியத்தில் வரும் நாளைத் தேர்ந்தெடுத்தால் முதலில் கோல்ட்கிளிஃப், பிறகு ஸ்டார்லிங்குக்கு நாணல்காடு, இரண்டும் ஒரே நாளில் முடியும். சிவப்புக் கால், பறக்கும்போது இறக்கையின் பின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை, கிளம்பும்போதே ஊரைக் கூட்டும். டன்லின், ஆள்காட்டி, கோட்டான் (ஆந்தை அல்ல, கர்லியூ) எல்லாம் கூடவே இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் வந்தால் அங்கே அவொசெட் (வளைந்த அலகு உள்ளான்) கூடு கட்டும். அந்தக் குளங்கள் உள்ளான்களை மனத்தில் வைத்துத்தான் அமைத்தவை. அதனால் ஈடு கட்டுவதில் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 200 ஹெக்டேர் சேற்றுக்கு அது போதாது என்பது வேறு.

அந்தக் கடலோரச் சேற்றில்தான் இடைக்கற்கால மனிதர்களின் காலடித் தடங்களும் கிடைத்திருக்கின்றன. சேற்றில் இறங்கித் தேடாதீர்கள், ஓதம் வரும் வேகத்துக்கு மாட்டிக்கொள்வீர்கள்.

எண்ணூர்வாசிக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தாழ்நிலத்தின் குறுக்கே நெடுஞ்சாலை போட ஒரு திட்டம் வந்தது. அப்போதும் 'ஈடு தருகிறோம்' என்றுதான் சொன்னார்கள். 2019 ஜூனில் வேல்ஸின் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட் அதை நிராகரித்தார். செலவும் காரணம், சுற்றுச்சூழலும் காரணம். ஈடு தந்தால் போதும் என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் செல்லுபடியாவதில்லை.

எண்ணூர்வாசி | திங்கள், காலை 9:40

நன்றி கதிர். நாமக்கோழி, எனக்கு உங்கள் 85, 78 தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அணை மூடுவதற்கு முன்பே வளையம் மாட்டியிருந்ததால்தானே அந்த எண்ணே கிடைத்தது? எண்ணூரில் ரெட்ஷாங்க் வருகிறது, நானே பார்க்கிறேன். எத்தனை என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. நாளைக்கு மிச்சச் சேற்றை நிரப்பினால், போனது எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது?

நாமக்கோழி | திங்கள், காலை 10:25

வளையம் மாட்ட அனுமதியும் பயிற்சியும் வேண்டும், அது நம் கையில் இல்லை. எண்ணுவது நம் கையில் இருக்கிறது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருகிறது, 1987-லிருந்து நடக்கிறது. அதில் எண்ணூர்க் கழிமுகத்தைத் தனி இடமாகப் பதிந்து, சேற்றுவெளியை நாலைந்து துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் எழுத வேண்டும். 'எண்ணூர், 300 உள்ளான்' என்று மொத்தமாக எழுதினால் பின்னால் எதற்கும் உதவாது. எந்தத் துண்டில், ஓதம் எந்த நிலையில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வேண்டும். ஒரே ஆண்டு போதாது. கணக்கெடுப்பு நாளோடு நிறுத்தாமல் நவம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒரு முறையாவது.

பழைய பொறியாளர் | திங்கள், காலை 10:50

துண்டு பிரிக்க வரைபடம் நான் போட்டுத் தருகிறேன். சாம்பல் படிந்த இடம், படியாத இடம் இரண்டும் தனித்தனித் துண்டில் வர வேண்டும். தம்பி, உங்களுக்கு ஆற்றின் தரை தெரியும், எனக்குக் காகிதம்தான் தெரியும். போனில் பேசுவோமா?

எண்ணூர்வாசி | திங்கள், காலை 11:05

பேசுவோம் சார், தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன். படகுக்கு எங்கள் மாமா இருக்கிறார். ஸ்கோப் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பைனாகுலரில் அந்தத் தூரத்துக்கு ரெட்ஷாங்க்கையும் மற்ற உள்ளானையும் பிரிக்க முடியவில்லை.

கிளிக் குமார் | திங்கள், காலை 11:20

ஸ்கோப் என்னிடம் இருக்கிறது. முக்காலியும் உண்டு. அம்பத்தூரிலிருந்து வருவேன், எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.